சிபியு கூலர் சரியாக உட்காரவில்லையா? அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் முறை

கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே சேர்ப்பவர்களில் பலருக்குக் கை தயங்கும் இடம், ப்ராசஸரின் (அதாவது சிபியுவின்) வெப்பத்தை வெளியேற்றும் கூலரைப் பொருத்தும் இடம்தான். ரேமையும் பவர் சப்ளை கேபிளையும் ஒரே வழியில்தான் செருக முடியும். மாற்றிச் செருக முயன்றால் அவை நுழையவே நுழையாது. கூலர் அப்படியன்று. தவறாகப் பொருத்தப்பட்ட கூலரும் வெளிப்பார்வைக்குச் சரியாகப் பொருத்தப்பட்டதைப் போலவே தோன்றும். பிழை இருப்பது கணினியை இயக்கிய பிறகு, ஏறும் வெப்பமாகவோ இருண்ட திரையாகவோதான் தெரியவரும். ஆகவே, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிப் போவதே இதில் நம்பத்தக்க வழி.

ப்ராசஸரின் உலோக மூடியும் கூலரின் அடித்தட்டும் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றினாலும், இரண்டு பரப்புகளிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் என்பதால்தான் நடுவில் தெர்மல் பேஸ்ட் வைக்கிறோம். அந்தப் பேஸ்ட் மெல்லிய படலமாகப் பரவ வேண்டுமானால் நான்கு மூலைகளிலும் ஒரே அளவு அழுத்தம் விழ வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த அழுத்தம் போதாமல் இருப்பதாலோ, ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதாலோ, சில வேளைகளில் மிகுந்துபோனதாலோ வருபவை.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் கணினியை அணைத்து, சுவர் பிளக்கிலிருந்து கேபிளை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். உங்கள் உடலில் உள்ள நிலைமின்னூட்டம் நீங்க, கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கூலரின் கால்கள் மதர்போர்டின் துளைகளோடு பொருந்தவில்லை

மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். இங்கே அதன் அளவுகளைத் தெரிந்துகொள்வது அவசியம். இன்டெலின் எல்ஜிஏ 1150, 1151, 1155, 1156, 1200 ஆகிய சாக்கெட்டுகளைச் சுற்றியுள்ள நான்கு துளைகள் 75 மி.மீ. பக்கமுள்ள சதுரமாக அமைந்தவை. 2021-இல் வந்த எல்ஜிஏ 1700-இல் அது 78 மி.மீ. ஆக மாறியது, பின்னர் வந்த எல்ஜிஏ 1851-உம் அதே 78 மி.மீ. அளவையே பின்பற்றுகிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் துளைகள் 54-க்கு 90 மி.மீ. என்ற செவ்வகமாகவும், அதற்கு முந்தைய ஏஎம்3-இல் 48-க்கு 96 மி.மீ. ஆகவும் இருக்கும். 2022-இல் வந்த ஏஎம்5, ஏஎம்4-இன் துளை அளவையே வைத்துக்கொண்டது.

75-க்கும் 78-க்கும் உள்ள வேறுபாடு பார்வைக்குத் தெரியாத அளவு சிறியது. அதனால், பழைய கூலரின் காலைச் சற்று வளைத்தால் உட்கார்ந்துவிடும் என்ற எண்ணம் எளிதில் வரும். அப்படிச் செய்யாதீர்கள். எல்ஜிஏ 1700-இல் சாக்கெட்டில் அமர்ந்த ப்ராசஸரின் உயரமும் எல்ஜிஏ 1200-ஐ விட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு தாழ்ந்திருக்கிறது. ஆகவே துளைகள் எப்படியோ பொருந்திவிட்டாலும், பழைய திருகுகளும் தாங்குகால்களும் அடித்தட்டைப் போதிய அளவு கீழே அழுத்தமாட்டா. கூலர் தயாரிப்பாளர் அந்தச் சாக்கெட்டுக்கென்று தரும் மவுண்டிங் கிட்டை வாங்குவதுதான் தீர்வு. பல நிறுவனங்கள் கூலர் வாங்கிய ரசீதைக் காட்டினால் அதை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தருகின்றன. வாங்கும் முன் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சில கூலர்களின் கிட்டில், மதர்போர்டின் பின்பக்கத்தில் வைக்கும் தட்டான பேக்பிளேட் ஒன்றிலேயே இரண்டு மூன்று சாக்கெட்டுகளுக்கான துளைகள் அருகருகே இருக்கும், அல்லது திருகு நகரும் காடி இருக்கும். நான்கு மூலைகளில் மூன்று ஒரு நிலையிலும் ஒன்று வேறு நிலையிலும் இருந்தால் கூலர் பொருந்துவது போலத் தோன்றி, கடைசித் திருகு மட்டும் அடம்பிடிக்கும். அந்தத் திருகோடு போராடுவதை விட்டுவிட்டு, பேக்பிளேட்டைத் திருப்பி நான்கு மூலைகளின் நிலையையும் சரிபாருங்கள்.

அறிகுறி: இன்டெல் கூலரின் நான்கு பின்களில் ஒன்று நிற்காமல் மேலே வந்துவிடுகிறது

ப்ராசஸர் பெட்டியோடு வரும் இன்டெல் கூலரை நான்கு பிளாஸ்டிக் பின்கள் தாங்குகின்றன. மிகச் சாதாரணமாகத் தெரியும் இந்தப் பகுதிதான், என் பார்வையில், புதிதாகக் கணினி சேர்ப்பவரை அதிகம் சோதிக்கிறது. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு பின்னிலும் இரண்டு பகுதிகள் உண்டு. கீழே, இரண்டாகப் பிளந்த வெள்ளை நிறக் கால். அதன் நடுவே மேலிருந்து இறங்கும் கறுப்பு ஊசி. முதலில் வெள்ளைக் கால் மதர்போர்டின் துளை வழியாக முழுவதும் மறுபக்கம் போக வேண்டும். அதன் பிறகு கறுப்பு ஊசி அந்தப் பிளவுக்குள் இறங்கி, இரண்டு பாதிகளையும் விரித்துத் துளையில் பூட்டும். வெள்ளைக் கால் முழுவதும் போகும் முன்பே கறுப்பு ஊசி இறங்கிவிட்டால், கால் துளைக்கு மேலேயே விரிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அது உள்ளே போகாது. ஓங்கி அழுத்தினால் வெள்ளைப் பாதி மடங்கி உடைந்துபோகும்.

ஆகவே தொடங்கும் முன் நான்கு கறுப்புத் தலைகளையும் மேலே இழுத்து, தலையில் பொறித்துள்ள அம்புக்குறிக்கு எதிர்த் திசையில், அதாவது கடிகாரச் சுற்றில், நிற்கும் வரை திருப்பிவிடுங்கள். அம்புக்குறி காட்டுவது கழற்றும் திசையை. அதைப் பொருத்தும் திசை என்று நினைத்துத் திருப்புவதே பின் நிற்காமல் போவதற்கு முதற்காரணம். பிறகு நான்கு வெள்ளைக் கால்களும் துளைகளில் நுனி நுழைந்து நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அதன்பின் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு பின்களை இரண்டு கட்டைவிரல்களால் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். க்ளிக் என்ற ஓசை கேட்கும். மற்ற இரண்டுக்கும் அப்படியே. அடுத்தடுத்துள்ள பின்களை அழுத்தினால் கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கத்துக் கால்கள் துளையிலிருந்து எழும்பிவிடும்.

ஓசை கேட்டதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. மதர்போர்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சரியாகப் பூட்டிய இடத்தில் வெள்ளைக் காலின் இரண்டு பாதிகளும் துளையின் விளிம்பைத் தாண்டி வெளியே விரிந்து நிற்கும். அவற்றின் நடுவே கறுப்பு ஊசியின் நுனி தெரியும். ஒரு மூலையில் வெள்ளை மட்டும் தெரிந்து கறுப்பு தெரியாவிட்டால் அது பூட்டவில்லை. வெள்ளையும் துளையின் மட்டத்திலேயே நின்றால் கால் முழுவதும் நுழையவில்லை. அந்தப் பின்னை மட்டும் திரும்ப அழுத்துவதைவிட, நான்கையும் அம்புக்குறித் திசையில் திருப்பி மேலே இழுத்து, கூலரை எடுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவது நல்லது. கூலரை எடுத்தால் பேஸ்ட்டையும் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த வேலையை மதர்போர்டு கேபினெட்டுக்குள் இருக்கும்போதே செய்தால், அழுத்தும் இடத்திற்குக் கீழே தாங்குதல் இல்லாமல் போர்டு வளையும். பின்பக்கத்தைப் பார்க்கவும் முடியாது. வெளியே, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துச் செய்யுங்கள். கெட்டியான மேசையில் நேராக வைத்தால் வெள்ளைக் கால்கள் மேசையில் முட்டி இறங்காமல் நிற்கக்கூடும். பெட்டியோடு வந்த ஃபோம் அட்டை அவற்றுக்கு இடம் கொடுக்கும். பூட்டிய பிறகு போர்டு சற்றே வளைந்து தெரிவது இவ்வகைக் கூலரில் இயல்பு.

அறிகுறி: ஏஎம்டி போர்டில் திருகு பிடிக்கவில்லை, அல்லது பேக்பிளேட் கழன்று விழுந்துவிட்டது

ஏஎம்4 போர்டின் சாக்கெட்டுக்கு இரு பக்கமும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிகள் இரண்டு இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளேதான் பின்பக்கத்துப் பேக்பிளேட்டையும் பிடித்திருக்கின்றன. ஆகவே திருகுகளை எடுத்தவுடன் பேக்பிளேட் விழுவது பழுதன்று, அமைப்பே அப்படி. ரைத் ஸ்டெல்த் போலத் திருகால் இறுக்கும் கூலருக்குப் பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும்; ரைத் பிரிசம் போலக் கொக்கியால் மாட்டும் கூலருக்கு அவற்றைத் தொடவே கூடாது. உங்கள் கூலர் எவ்வகை என்று பார்த்துவிட்டுத் திருகில் கை வையுங்கள்.

திருகு சுற்றிக்கொண்டே இருந்து பிடிக்காவிட்டால், பெரும்பாலும் பேக்பிளேட் பின்னால் நகர்ந்து, அதன் நான்கு குழல்களும் துளைக்குள் எட்டாமல் இருக்கும். போர்டைப் படுக்கவைத்து, கீழிருந்து பேக்பிளேட்டை ஒரு கையால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான்கு திருகுகளையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் பிடிக்கவிடுங்கள். அதன் பிறகே இறுக்கத் தொடங்க வேண்டும். காரின் சக்கர நட்டுகளை இறுக்குவது போல எதிர்மூலைக்கு எதிர்மூலை மாறி மாறி, ஒவ்வொன்றையும் ஒன்று அல்லது இரண்டு சுற்றாக இறுக்கிவந்தால் அடித்தட்டு சாயாமல் இறங்கும். நல்ல கூலர்களின் திருகுகளில் ஸ்பிரிங்கும் ஒரு நிறுத்தமும் இருக்கும். திருகு தானாக நின்றுவிட்டால் அதற்கு மேல் போக வேண்டியதில்லை.

கொக்கி வகையில், நெம்புகோல் இல்லாத பக்கத்தின் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு நெம்புகோல் உள்ள பக்கத்தை மாட்டிவிட்டு நெம்புகோலைத் திருப்ப வேண்டும். இதற்குக் கொஞ்சம் பலம் தேவைதான். ஆனால் நெம்புகோல் பாதியில் நின்று நகர மறுத்தால், இரண்டு கொக்கிகளில் ஒன்று தாங்கியின் பல்லில் மாட்டாமல் அதன் விளிம்பில் ஏறி நிற்கிறது என்று கொள்ளலாம்.

ஏஎம்5-இல் நிலைமை வேறு. அங்கே சாக்கெட்டின் உலோகச் சட்டமே பேக்பிளேட்டோடு திருகப்பட்டிருப்பதால் பேக்பிளேட்டைக் கழற்றக் கூடாது. ஏஎம்4-க்குத் தன் சொந்தப் பேக்பிளேட்டோடு வந்த கூலர், துளைகள் ஒன்றாக இருந்தும் ஏஎம்5-இல் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே. போர்டின் சொந்தப் பேக்பிளேட்டைப் பயன்படுத்தும் கிட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: கூலரைக் கழற்றும்போது ப்ராசஸரும் சேர்ந்து வந்துவிட்டது

இது பெரும்பாலும் ஏஎம்4-இலும் அதற்கு முந்தைய ஏஎம்டி சாக்கெட்டுகளிலும் நிகழ்வது. ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 மெல்லிய உலோகப் பின்கள் உள்ளன. சாக்கெட் அவற்றைப் பக்கவாட்டில் மட்டும் பற்றியிருக்கிறது, மேலிருந்து பிடிக்கும் சட்டம் எதுவும் இல்லை. காய்ந்து இறுகிய பேஸ்ட்டின் பிடி அதைவிட வலுவாக இருந்தால், நேராக மேலே இழுக்கும் கூலரோடு ப்ராசஸரும் எழுந்து வந்துவிடும். இன்டெலின் எல்ஜிஏ சாக்கெட்டுகளிலும் ஏஎம்5-இலும் உலோகச் சட்டம் ப்ராசஸரைப் பிடித்திருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

வராமல் தடுக்க, கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடமாவது கனமான வேலையில் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகச்செய்து, உடனே அணைத்து, கேபிளை உருவி, திருகுகளை எடுத்த பின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்கி நகர்கிறது என்று கை உணர்ந்த பிறகே மேலே தூக்க வேண்டும்.

ஏற்கெனவே வந்துவிட்டதா? பதறி அப்படியே திரும்பச் சாக்கெட்டில் வைத்து அழுத்திவிடாதீர்கள். அந்தப் பதற்றத்தில்தான் பின்கள் நசுங்குகின்றன. கூலரைத் தலைகீழாக மேசையில் வைத்து, ப்ராசஸரை அதன் விளிம்புகளில் பிடித்துத் திருகிப் பிரித்தெடுங்கள். அசையாவிட்டால் பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலை இரண்டு உலோகங்களுக்கும் இடையே கொடுத்து அறுப்பது போல இழுக்கலாம். பிரிந்த பின், நல்ல வெளிச்சத்தில் பின்களின் வரிசைகளை நான்கு பக்கங்களிலிருந்தும் நோக்குங்கள். வரிசை நேர்கோடாகத் தெரியாத இடத்தில் பின் வளைந்திருக்கிறது. மெல்லிய பிளேடையோ ஏடிஎம் அட்டையின் விளிம்பையோ வரிசைகளுக்கு நடுவே விட்டு, சிறுகச் சிறுக நிமிர்த்துங்கள். ஒரே தள்ளில் நிமிர்த்தினால் பின் ஒடியும். திரும்ப வைக்கும்போது சாக்கெட்டின் நெம்புகோல் முழுவதும் மேலே இருக்க வேண்டும். மூலையிலுள்ள தங்க முக்கோணம் பொருந்தினால் ப்ராசஸர் தன் எடையிலேயே இறங்கி உட்காரும்.

எல்ஜிஏ சாக்கெட்டில் பின்கள் போர்டில் இருக்கின்றன. அவற்றை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது; ப்ராசஸர் இல்லாத நேரத்தில் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு வையுங்கள்.

அறிகுறி: ரேமில் இடிக்கிறது, பக்கமூடி மூடவில்லை, திருகுக்கு ஸ்க்ரூடிரைவர் எட்டவில்லை

கோபுரம் போல நிமிர்ந்து நிற்கும் பெரிய டவர் கூலர் வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: கூலரின் உயரம், ரேமுக்கு மேல் அது விடும் இடைவெளி. எடுத்துக்காட்டாக, நாக்டுவாவின் என்எச்-டி15 கூலர் 165 மி.மீ. உயரமுடையது, இரண்டு ஃபேன்களோடு பொருத்தினால் ரேமுக்கு 32 மி.மீ. உயரம்தான் விடுகிறது. முன் ஃபேனை மேலே ஏற்றி மாட்டினால் உயரமான ரேமும் உட்காரும், ஆனால் ஏற்றிய அளவு மொத்த உயரமும் கூடிப் பக்கமூடியில் இடிக்கும். கேபினெட்டின் விவரத் தாளில் கூலருக்கான உச்ச உயரம் தரப்பட்டிருக்கும்; அதோடு ஒப்பிட்ட பிறகே ஃபேனை ஏற்றுங்கள்.

டவர் கூலரின் திருகுகள் பெரும்பாலும் ஃபேனுக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஃபேனை முதலில் கழற்றி, நீளமான, காந்த நுனியுள்ள ஸ்க்ரூடிரைவரால் திருகிவிட்டு, பிறகு ஃபேனை மாட்டுவதே ஒழுங்கு. ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிளைக் கூலருக்கு முன்பே செருகிவிடுங்கள். அது போர்டின் மேல் இடது மூலையில் இருப்பதால், பெரிய கூலர் உட்கார்ந்த பிறகு அங்கே விரல் நுழையாது.

அறிகுறி: இயக்கியவுடன் சிபியு ஃபேன் எரர் என்ற செய்தி வருகிறது

சிபியு ஃபேன் என்று பெயரிட்ட இணைப்பில் சுழற்சிச் சைகை வரவில்லை என்பதே இதன் பொருள். ஃபேன் வேறொரு இணைப்பில் செருகப்பட்டிருக்கலாம். கேபினெட் ஃபேனுக்கான இணைப்பும் பார்வைக்கு அதேபோல் இருக்கும் என்பதால், போர்டின் மேல் அச்சிட்ட பெயரை வாசித்துச் செருகுங்கள். ஃபேன் சுழலவே இல்லை என்றால், ஏதேனும் கேபிள் இறக்கையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

திரவக் கூலரில் (பம்பு திரவத்தைச் சுழற்ற, அதன் வெப்பத்தை ரேடியேட்டர் வெளியேற்றும் வகை) ரேடியேட்டர் ஃபேன்கள், பல ஃபேன்களை ஒன்றாக இணைக்கும் தனி ஹப்பில் இணைந்திருந்தால், சிபியு ஃபேன் இணைப்பு வெறுமையாக இருந்து இதே செய்தி வரும். பம்பின் கம்பியை அங்கே செருகலாம். இல்லாவிட்டால், பம்பும் ஃபேன்களும் ஓடுவதைக் கண்ணால் உறுதிசெய்துகொண்ட பின், மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அந்த எச்சரிக்கையை நிறுத்தலாம். உறுதிசெய்யாமல் நிறுத்துவது ஆபத்து.

அறிகுறி: கூலர் பொருத்திய பின் திரையில் எதுவும் வரவில்லை, அல்லது ரேம் பாதிதான் தெரிகிறது

முதலில் எளியவற்றைப் பாருங்கள். மேலே சொன்ன 8 பின் கேபிள் செருகப்படாவிட்டால் ஃபேன்கள் சுழலும், திரை மட்டும் வராது. கூலரைப் பொருத்தும்போது கை பட்டு ரேம் ஒரு முனையில் தளர்ந்திருக்கலாம்.

இவை சரியாக இருந்தும், இரண்டு ரேம்களில் ஒன்று மட்டும் தெரிகிறது அல்லது ஒரு பக்கத்துச் சிலாட்டுகள் வேலை செய்யவில்லை என்றால், ரேம் பழுது என்று கடைக்கு ஓடும் முன் கூலரின் அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். ரேமோடு பேசும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. எல்ஜிஏ சாக்கெட்டில் கூலர் ஒரு பக்கம் மிகையாக அழுத்தினால், மறுபக்கத்துத் தொடுமுனைகள் சரியாகத் தொடாமல் போய், ரேமோடு பேசும் பாதைகளில் (சானல்களில்) ஒன்று மறைந்துவிடும். நான்கு திருகுகளையும் தளர்த்தி, எதிர்மூலை வரிசையில் மீண்டும் சமமாக இறுக்கிப் பாருங்கள். ரேம் திரும்ப வந்துவிட்டால் காரணம் அதுவே. வரவில்லை என்றால் ப்ராசஸரை எடுத்து, சாக்கெட்டின் பின்களில் வளைவு இருக்கிறதா என்று கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். உலோகப் பேக்பிளேட்டாக இருந்தால், அதற்கும் போர்டுக்கும் இடையே வர வேண்டிய பிளாஸ்டிக் வாஷர்களோ ஒட்டும் தாளோ விடுபட்டிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

அறிகுறி: வெப்பநிலை மிக அதிகமாக இருக்கிறது

எண்ணைப் பார்த்து அஞ்சும் முன், அந்த எண் எந்தச் சூழ்நிலையில் வந்தது என்று பாருங்கள். பயாஸ் திரையில் ப்ராசஸர் மின் சிக்கன நிலைக்குப் போவதில்லை. எனவே அங்கே தெரியும் வெப்பநிலை, விண்டோஸில் சும்மா இருக்கும்போது தெரிவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். உச்ச வரம்பும் எல்லாவற்றுக்கும் ஒன்றன்று. இன்டெலின் 12 முதல் 14 வரையுள்ள தலைமுறைகளின் மேசைக் கணினி ப்ராசஸர்களில் அது 100 டிகிரி செல்சியஸ். ரைசன் 5000 வரிசையில் மாடலைப் பொறுத்து 90 அல்லது 95. ரைசன் 7000-இல் பெரும்பாலானவற்றுக்கு 95, எக்ஸ்3டி மாடல்களுக்கு 89. ரைசன் 7000-இன் உயர் மாடல்கள் முழு வேலையில் 95-ஐத் தொட்டு நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதைக் கூலரின் குறையாகக் கொள்ள வேண்டாம். அறை வெப்பமும் நேராக இந்த எண்ணில் சேரும்: ஏசி அறையில் 24 டிகிரியில் எடுத்த அளவையும், ஏசி இல்லாத அறையில் கோடை நண்பகலில் 36 டிகிரியில் எடுத்த அளவையும் ஒப்பிட்டால் 12 டிகிரி வேறுபடுவது இயல்பே.

அதன் பிறகு முக்கியமானது ஏறும் வேகம். வெப்பநிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற மென்பொருளைத் திறந்துவைத்து, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டுக் கவனியுங்கள். தொடங்கிய ஓரிரு நொடிகளில் 95, 100 என்று தாவிவிட்டு, கூலரின் உலோகத்தைத் தொட்டால் குளிர்ச்சியாகவே இருந்தால், வெப்பம் கூலருக்குப் போய்ச் சேரவில்லை. பிழை தொடுபரப்பில் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி, கூலரும் சூடாக இருந்தால், தொடுபரப்பு நன்றாகவே இருக்கிறது. காற்றோட்டம் போதவில்லை, அல்லது அந்த ப்ராசஸருக்கு அந்தக் கூலர் போதவில்லை. இந்த ஒரு சோதனை, தேவையில்லாமல் கூலரைக் கழற்றும் வேலையை மிச்சமாக்கும்.

தொடுபரப்பில்தான் பிழை என்றால் கூலரை எடுத்துப் பேஸ்ட்டின் தடத்தைப் பாருங்கள். இரண்டு உலோகங்களிலும் சாம்பல் நிறம் மெல்லிய, ஒரே சீரான படலமாகப் பரவி, பிரித்த இடத்தில் கிளைகிளையாகச் சிறு கோடுகள் தெரிந்தால் அழுத்தம் நன்றாக இருந்தது என்று பொருள். ஒரு மூலையில் பேஸ்ட் தடித்தும் எதிர்மூலையில் உலோகம் தெரியும் அளவுக்கு ஒதுங்கியும் இருந்தால் கூலர் சாய்ந்திருந்தது. நீங்கள் வைத்த பொட்டு, வைத்த வடிவம் மாறாமல் நடுவில் அப்படியே குவிந்திருந்தால், அடித்தட்டு ப்ராசஸரை எட்டவே இல்லை: தாங்குகால் வேறு சாக்கெட்டுக்கு உரியதாக இருக்கலாம். அடித்தட்டில் ஒட்டிவந்த பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருந்தால், பேஸ்ட் பரவியிருக்கும், ஆனால் கூலர் பக்கத்தில் அது உலோகத்தைத் தொட்டிருக்காது. அந்தத் தாள் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால், நகத்தால் விளிம்பைச் சுரண்டிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. கைபேசி பழுதுபார்க்கும் பொருள்கள் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். கைக்குப் பூசும் சானிடைசரில் கிளிசரின் சேர்ந்திருக்கும் என்பதால் அதைத் தவிருங்கள். சதுரமான பழைய ப்ராசஸருக்கு, நடுவில் மிளகைவிடச் சற்றுப் பெரிய பொட்டு போதும். எல்ஜிஏ 1700 ப்ராசஸர் நீள்சதுரமானது; அதற்கு நீளவாக்கில் ஒரு கோடோ, பெருக்கல் குறியோ வைத்தால் முனைகள் வரை பரவும். கொஞ்சம் கூடிப்போய் விளிம்பில் பிதுங்கினாலும் மின்சாரம் கடத்தாத சாதாரணப் பேஸ்ட்டால் தீங்கில்லை. குறைவாக வைப்பதே கெடுதல். பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் வைக்கும் திரவ உலோகத்திற்கு இது பொருந்தாது: அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினிய அடித்தட்டை அரித்தும்விடும்.

எல்ஜிஏ 1700-இல் இன்னொரு காரணமும் உண்டு. சாக்கெட்டின் சட்டம் நீளமான ப்ராசஸரை நடுவில் மட்டும் அழுத்துவதால், காலப்போக்கில் மூடி சற்றே குழிந்து தொடுபரப்பு குறையலாம். இதற்காக, அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பொருத்த விற்கப்படும் கான்டாக்ட் ஃபிரேம் சில டிகிரி குறைக்கும் என்பது உண்மைதான்; ஆனால் சாக்கெட்டில் செய்யும் மாற்றம் உத்தரவாதத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே அதைப் பற்றி யோசிக்கப் பரிந்துரைப்பேன்.

மெல்ல ஏறும் வகையில், முதலில் ஃபேனின் திசையைப் பாருங்கள். சட்டத்தின் குறுக்குக் கம்பிகளும் ஸ்டிக்கரும் உள்ள பக்கம் காற்று வெளியேறும் பக்கம். டவர் கூலரில் காற்று கேபினெட்டின் பின்புறம் நோக்கிப் போக வேண்டும். பக்கமூடியைத் திறந்து வைத்துச் சோதித்தால் வெப்பநிலை சட்டென்று இறங்குகிறதா? அப்படியானால் கூலரை விட்டுவிட்டுக் கேபினெட் ஃபேன்களைக் கவனியுங்கள்.

அறிகுறி: திரவக் கூலரில் களகளவென்ற ஓசையும், ஏறி இறங்கும் வெப்பமும்

மூடிய சுற்றிலும் சிறிது காற்று இருக்கும். அது சுற்றின் மிக உயர்ந்த இடத்தில் போய்த் தங்கும். ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்குமாறு வைத்தால் காற்று அங்கே தங்கி அமைதியாகிவிடும். ரேடியேட்டர் முழுவதும் பம்புக்குக் கீழே இருந்தால் காற்று பம்பில் சேர்ந்து, ஓசையும் தேய்மானமும் உண்டாகும். பம்பின் இணைப்புக்குப் பயாஸில் எப்போதும் முழு வேகம் கொடுங்கள். ஃபேனைப் போல வேகத்தைக் குறைத்துக் கூட்டும் அமைப்பு பெரும்பாலான பம்புகளுக்குத் தேவையில்லை. பம்பின் மேல் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். இரண்டு குழாய்களும் பத்து நிமிட முழு வேலைக்குப் பிறகும் குளிர்ந்தே இருந்து ப்ராசஸர் மட்டும் கொதித்தால், பம்பு ஓடவில்லை, அல்லது அடித்தட்டு ப்ராசஸரை ஒட்டவில்லை.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் இரைச்சல் தாங்கவில்லை

ஃபேன் அடிக்கடி சீறி அடங்கினால், பயாஸில் ஃபேன் வேகம் கூடுவதற்கு முன் சில நொடி தாமதம் வைக்கும் அமைப்பு இருக்கும். அதைக் கூட்டினால் ப்ராசஸரின் நொடிநேரத் தாவல்களுக்கெல்லாம் ஃபேன் பதறாது. சீரான கடகட ஓசை என்றால், ஃபேனைப் பிடிக்கும் கம்பிக் கிளிப் துளையில் முழுவதும் மாட்டியிருக்கிறதா, கூலரின் தகடுகளில் ஃபேன் சட்டம் நேராக உரசுகிறதா என்று பாருங்கள். மூலைகளில் ரப்பர் பட்டைகள் இருக்க வேண்டும்.

கணினியை வேறு ஊருக்கு எடுத்துச் சென்ற பின் புதிதாக இரைச்சலோ வெப்பமோ தொடங்கினால், பயணத்தில் கூலர் அசைந்திருக்கிறது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள டவர் கூலரோடு கேபினெட்டை நிமிர்த்திவைத்து வண்டியில் ஏற்றினால், ஒவ்வொரு குலுக்கலும் சாக்கெட்டைச் சுற்றியுள்ள போர்டை இழுக்கும். மதர்போர்டு படுக்கைவசமாக, கூலர் மேல்நோக்கி இருக்கும்படி கேபினெட்டைச் சாய்த்து வைத்து எடுத்துச் செல்லுங்கள். போய்ச் சேர்ந்தபின், மின்சாரம் கொடுக்கும் முன், பக்கமூடியைத் திறந்து கூலரை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். இம்மியளவு ஆடினாலும் திருகுகளை எதிர்மூலை வரிசையில் மீண்டும் இறுக்கிவிட்டே இயக்குங்கள்.